திரும்பிப் பார்க்காத ராகேல்

ஆட்டோவில் பெனிட்டா கேட்டதற்குத் தவமணி இன்னும் பதில் சொல்லவில்லை. முருகன்குறிச்சி திருப்பத்தில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, ஏழு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, வெளியே பார்த்தபடியே அவள் கேட்டாள்: "அத்தை, கதையில வர்ற ராகேல் எங்க அம்மாதான?" சரியாக அந்த நேரம் பார்த்துப் பின்னால் வந்த மினிபஸ்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான். அவன் ஓய்ந்தபோது ஆட்டோ புத்தகக்கடை வாசலில் நின்றிருந்தது. தவமணி கைப்பையைத் தேடினாள், சேலை மடிப்பைச் சரிசெய்தாள், கடைக்காரர் சங்கரலிங்கம் எதிரே வந்து "வாங்கம்மா வாங்க, நாப்பது பேருக்கு மேல வந்தாச்சு" என்றார். கேள்வி ஆட்டோவோடு போய்விட்டது என்று நினைத்தாள். போகவில்லை. மாடிப்படி ஒவ்வொன்றிலும் கூடவே ஏறி வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றேகால். கடையின் மாடியில் புத்தக அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி, பந்தல்காரரிடம் வாங்கிய சிவப்பு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். அவள் முன்னால் ஒரு மைக். பக்கத்தில் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆவுடைச்செல்வி. அவள் மடியில், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் தாள் ஒட்டிய 'ஐந்தே கால் வண்டி', தவமணியின் ஆறாவது நாவல். எதிரே இரண்டாவது வரிசை ஓரத்தில், மின்விசிறிக்கு நேராகப் பெனிட்டா. அண்ணன் மகள். ஒன்றரை வயதிலிருந்து தவமணி வளர்த்த பிள்ளை, தலைப்பிரசவத்துக்கு ஓசூரிலிருந்து அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளிடம் அந்த நாவலைத் தவமணி கொடுக்கவே இல்லை. பதிப்பகத்திலிருந்து வந்த பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். மதியத்தில் தூக்கம் வராமல் அந்தப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் எதைத் தேடினாளோ. இந்த முப்பது வருஷத்தில் தன் அம்மாவைப் பற்றி அவள் கேட்ட கேள்விகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவள் கேட்காமல் இருந்ததற்காகவே அவளைக் கூடுதலாகக் கொஞ்சிய நாட்கள் உண்டு. இன்று கேட்டுவிட்டாள், அதுவும் இந்த நாளில். பிள்ளை முகத்தில் கோபம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பெனிட்டா விசிறிக் காற்றுக்குக் கண்ணை மூடியிருந்தாள். கோபம் இல்லாதது இன்னும் பயமாக இருந்தது.

ஆவுடைச்செல்வி மைக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "அம்மா, பெண் எழுத்துன்னு தனியா ஒரு அலமாரி தேவையா? கீழ பாத்தேன், உங்க புஸ்தகமெல்லாம் அதுலதான் இருக்கு" என்று தொடங்கினாள். தவமணியும் பார்த்திருந்தாள். எந்த ஊர்ப் புத்தகக்கடையில் கால் வைத்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பாள், ஆள் பார்க்காதபோது தன் புத்தகத்தைக் கண்ணில் படும்படி ஒரு தட்டு மேலே ஏற்றியும் வைப்பாள். இங்கே பெண் எழுத்துக்கு இடப்பக்கம் சமையல் குறிப்பு, வலப்பக்கம் கோலப் புத்தகம். "அலமாரி இருக்கட்டும்மா, தேடி வர்றவங்களுக்குச் சுலபம். ஆம்பளைங்க எழுதினதுக்கு மேலயும் 'ஆண் எழுத்து'ன்னு ஒரு பலகை மாட்டச் சொல்லுங்க, அப்புறம் எங்க பலகையைப் பத்திப் பேசுவோம்" என்றாள். சிரித்தார்கள். இதே பதிலை மதுரையில் சொல்லியிருக்கிறாள், ஈரோட்டில் சொல்லியிருக்கிறாள், எந்த வார்த்தைக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். வாய் அதன் பாட்டுக்குப் பேசும், மனசு வேறு எங்கேயோ நடந்துகொண்டிருக்கும். பெனிட்டா சிரித்தாளா? தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். அடுத்து, புத்தகக்கடை மேல் அவளுக்கு இருக்கிற பிரியத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அதற்கும் பதில் தயார்தான். "பஸ் ஸ்டாண்டுல ஒரு பொண்ணு நின்னா யாருக்காக நிக்கேன்னு கேப்பாங்க. தெருமுக்குல நின்னா கேப்பாங்க. கோயில் வாசல்ல நின்னாக்கூட என்ன வேண்டுதல்னு கேப்பாங்க. புஸ்தகக்கடையில மட்டும்தான் ரெண்டு மணி நேரம் நின்னாலும் ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க." சொன்னது பொய்யில்லை. ஆனால் இளவயதில் புத்தகக்கடையில் அவள் தனியாக நின்றதில்லை என்பதை மட்டும் எந்த ஊரிலும் சொன்னதில்லை. பக்கத்தில் லில்லிபுஷ்பம் நின்றாள். அண்ணன் ஜெயசிங்கின் மனைவி, ஒரே வயது மூத்தவள், மைனி என்று கூப்பிட்டாலும் சிநேகிதிதான். சனிக்கிழமைதோறும் மருந்து வாங்க, நூல்கண்டு வாங்க என்று ஏதாவது சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஜங்ஷனுக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கே ஒரு சின்னக் கடை, உள்ளே போனால் புதுத்தாளும் பசையும் கலந்த வாசனை, முதலாளிக்குக் கண் சரியில்லை, யார் எவ்வளவு நேரம் படித்தாலும் கண்டுகொள்ள மாட்டார். ஒரே நாவலின் முன்பாதியை ஒருத்தி படிப்பாள், பின்பாதியை மற்றவள். திரும்பி வரும் பஸ்ஸில் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லி முழுக் கதையாக்குவார்கள். நடுவில் எங்கேயாவது பொருந்தாது. பொருந்தாத இடத்தை லில்லி தானே உண்டாக்கிச் சொல்வாள், அது அச்சில் இருப்பதைவிட நன்றாக இருக்கும். "இந்தக் கதையில வர்ற பொம்பளைக்குக் கோவமே வராதா தவம்? நல்லவளாவே இருந்து இருந்து செத்துப்போறா" என்று ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்வாள். தவம் என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான். அவளுக்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடத் தவமணி விட்டதும் இல்லை.

"சிக்கலான கதாநாயகிகள்னு உங்க நாவல்களைப் பத்திப் பேசும்போது எல்லாரும் சொல்றாங்க. சிக்கல்னா என்னம்மா?" ஆவுடைச்செல்வியின் கேள்வி எங்கோ தூரத்திலிருந்து வந்ததுபோல வந்தது. தவமணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நம்ம வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போக ரெண்டு தடவை யோசிப்போம் பாருங்க, அப்படி ஒருத்தி. அவ மேல பாசமும் இருக்கும், நம்பவும் முடியாது. நல்ல பொண்ணு கஷ்டப்படுற கதையை நாம நிறையப் படிச்சாச்சு. அவ கஷ்டப்பட்டா நமக்கு அழுகை வரும், அழுதுட்டு அடுப்பப் பாக்கப் போயிருவோம். எனக்கு அது வேண்டாம். படிச்சு முடிச்ச பிறகு அவளோட சண்டை போடணும்னு தோணணும்." சொல்லும்போதே இது பஸ்ஸில் லில்லி சொன்னது என்று தெரிந்தது. சாவி மட்டும் தன்னுடையது. ஆவுடைச்செல்வி தலையை ஆட்டிக்கொண்டே மஞ்சள் தாள் ஒட்டிய ஒரு பக்கத்தைப் பிரித்தாள். எந்தப் பக்கம் என்று தவமணிக்குத் தெரியும். எல்லாக் கூட்டத்திலும் அதைத்தான் படிக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, நேரமாகிறது என்று சொல்லலாமா, அதற்குள் அவள் படிக்க ஆரம்பித்துவிட்டாள், நல்ல குரல், நிறுத்தி நிறுத்திப் படித்தாள். 'வண்டி வந்தபோது இன்னும் விடியவில்லை. தோளில் குழந்தையின் பால் ஈரம் காயவில்லை. நடத்துநர் படியிலிருந்து கையை நீட்டினார். ராகேல் ஏறினாள். ராகேல் திரும்பிப் பார்க்கவில்லை.' மூன்றாவது வரிசையில் கல்லூரிப் பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி சட்டென்று கண்ணைத் துடைத்தாள். தவமணி மேசையைப் பார்த்தாள். பால் ஈரம் தோளில் காயாமல் இருந்தது உண்மை. ஆனால் அது வண்டி ஏறியவள் தோள் இல்லை. வீட்டுக்குள் தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் நின்றவளின் தோள். அவளுடைய தோள். அதே இடத்தை இப்போது சேலைக்கு மேலாகத் தடவிப் பார்த்தாள், தடவுவது பெனிட்டாவுக்குத் தெரியும் என்று கையை எடுத்துக்கொண்டாள்.

நடந்தது வேறு. லில்லிக்கு நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் நூலகர் வேலை கிடைத்தது. கடிதம் வந்த அன்றைக்கு அதை மூன்று தடவை படித்துக் காட்டினாள். அண்ணன், வேலையா வீடா என்று கேட்டான். அப்பா அம்மா இரண்டு பேரும் அப்போது இல்லை, தடுத்துப் பேச ஆளில்லை. ஒரு வாரம் வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும்தான். எட்டாவது நாள் சாயங்காலம் சண்டை முற்றி, லில்லி ஒரு பையை எடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். பிள்ளைக்குக் காய்ச்சல், அப்போதுதான் தூங்கியிருந்தது, பஸ்ஸில் கொண்டுபோனால் கூடிவிடும். காலையில் வந்து தூக்கிக்கொள்கிறேன் என்று தவமணியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். தெருமுக்கு வரைக்கும் நாலு தடவை திரும்பிப் பார்த்தாள். நாலு தடவை. தவமணி ஜன்னலிலிருந்து எண்ணினாள். காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்தும்விட்டாள். ஜெயசிங் ரயில்வே டூட்டிக்குப் போகும்போது, "அவ வந்தா கதவைத் தொறக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தான். பூட்டவில்லை, சாவியைக் கொண்டுபோகவில்லை. திறக்க வேண்டும் என்றால் ஒரு விரல் போதும். பச்சைப் பெயின்ட் அடித்த தாழ்ப்பாள், ஓரத்தில் உரிந்து துரு தெரியும். கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி, அதில் லில்லியின் செருப்பு நிழல். முதலில் சின்னதாகத் தட்டினாள், பிறகு உள்ளங்கையால், பிறகு தட்டாமல் கதவில் சாய்ந்து நின்றாள், மரம் லேசாக முனகியது. எட்டு மணிக்கு வந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது மணி அடிக்கிற வரைக்கும் நின்றாள். ஒரு மணி நேரம். ஒரு மணி நேரமும் தவமணி பிள்ளையை இடுப்பில் வைத்து, அது சத்தம் போடாமல் இருக்கப் பாலில் நனைத்த ரொட்டியை வாயில் கொடுத்துக்கொண்டே நின்றாள். அண்ணனுக்குப் பயந்தாள் என்று பத்து வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது செல்லாது என்று பிறகு தெரிந்தது, அண்ணனுக்கு அவள் என்றைக்குப் பயந்தாள். காய்ச்சல் பிள்ளையை அனுப்பக்கூடாது என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தாள். காய்ச்சல் ராத்திரியே விட்டிருந்தது. லில்லி என்னை விட்டுவிட்டுப் புத்தகங்களுக்கு நடுவில் போய் உட்காரப் போகிறாள், நான் இந்த அடுப்படியில் நிற்கப் போகிறேன் என்ற எரிச்சல், அதுவும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருந்தது, அதைத் தொட்டால் கை சுட்டது. இடுப்பில் இருந்த அந்தக் கனம். இருபத்தேழு வயதில், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வராத ஒரு வீட்டில், தன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ரொட்டி தின்ற அந்தக் கனம். அதைக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். பிறகு அண்ணன், அவள் எவனோடோ போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னான், வந்த கடிதங்களைக் கிழித்தான். தவமணி ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளைக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாத தியாகி என்று சபையில் அவளைப் பற்றிப் பேசினார்கள், அதையும் கேட்டுக்கொண்டாள். அதை நாவலாக எழுத வந்தபோது, ஒரு தாய் போனால் திரும்பிப் பார்க்காமல் போகட்டும், அதுதான் துணிச்சல், அதுதான் புதிய பெண் என்று எழுதினாள். விமரிசகர்கள் கொண்டாடினார்கள். ஆறு நாவலில் அவள் செய்த மிகச் சிக்கலான பெண் அந்த ராகேல் என்று ஒருவர் எழுதினார். அதைப் படித்த அன்று அவளால் சாப்பிட முடியவில்லை. கதவைத் தட்டியவளை எடுத்து வண்டியில் ஏற்றிவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவளைக் கதையிலிருந்தே அழித்துவிட்டாள். நாவலில் நாத்தனார் என்று ஒருத்தியே கிடையாது.

"ஒரு கேள்வி கேக்கலாமா?" முதல் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். முத்தையா என்று பெயர் சொன்னார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவராம். கையில் நாவல், அட்டை போட்டு வைத்திருந்தார். "அம்மா, நான் குறை சொல்ல வரலை. நல்லா எழுதியிருக்கிய. ஆனா ஒரு தாய் பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுட்டுப் போகும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்க மாட்டாளா? எனக்கு அது ஒத்துக்கலை. ரெண்டு நாளா அதே நெனப்பா இருக்கு." கல்லூரிப் பெண்களிடையே சலசலப்பு. ஒருத்தி உட்கார்ந்தபடியே, "அப்பாக்கள் போனா இப்படிக் கேப்பீங்களா சார்?" என்றாள். இன்னொருத்தி, "தாய்னா இப்படித்தான்னு நீங்களே முடிவு பண்ணிட்டா எப்படி?" என்றாள். கைதட்டல். நியாயமான பேச்சு, தவமணியே வேறு மேடைகளில் பேசிய பேச்சு, அவளுடைய வாக்கியங்கள்தான் அந்தப் பிள்ளைகள் வாயிலிருந்து திரும்பி வருகின்றன. சரியான வாதம், பொய்யான பக்கத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறது. பெரியவர் உட்காரவில்லை, பிடிவாதமில்லாமல் நின்றார், பதில் தெரிந்தால் போதும் என்பதுபோல. ஆவுடைச்செல்வி மைக்கை இவள் கையில் கொடுத்தாள். சொல்லிவிடலாம். இங்கேயே சொல்லிவிடலாம். அவள் திரும்பிப் பார்த்தாள் ஐயா, நாலு தடவை பார்த்தாள், காலையில் வந்து ஒரு மணி நேரம் கதவைத் தட்டினாள், திறக்காதவள் நான் என்று சொன்னால் இந்த அறை எப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் அமைதி. பிறகு ஒருத்தி எழுந்து நிற்பாள், பிறகு எல்லாரும். எவ்வளவு நேர்மை என்பார்கள். யாரோ செல்போனில் எடுத்துப் போடுவார்கள், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பார்க்கும். அந்த வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்பதுகூட இதோ நாக்கில் ஒழுங்காகி நிற்கிறது. அதைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இரண்டாவது வரிசையில் பெனிட்டா கண்ணைத் திறந்து நேராக இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் அம்மா கதையை அந்தப் பிள்ளை நாற்பது பேரோடு சேர்ந்து மைக்கில் கேட்பதா. நாகர்கோவில் நினைவு வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் அங்கே ஒரு புத்தகக்கடையில், நாவல் வரிசைக்கு முன்னால், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருத்தி நின்றபடியே படித்துக்கொண்டிருந்தாள். நரைத்திருந்தாள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு நிற்கிற அந்த நிற்பு மாறவில்லை. கையில் இருந்தது தவமணியின் மூன்றாவது நாவல். தவமணி அகராதிகளுக்குப் பின்னால் ஒதுங்கினாள். லில்லி கல்லாவில் போய், "இவங்க வேற புஸ்தகம் வந்திருக்கா?" என்று கேட்டது காதில் விழுந்தது. போன பிறகு கடைக்காரர் தானாகவே சொன்னார், பக்கத்துப் பெண்கள் பள்ளி லைப்ரரி டீச்சராம், தவமணி புத்தகம் எது வந்தாலும் ஒன்று பள்ளிக்கூடத்துக்கும் ஒன்று தனக்கும் வாங்குவாராம். அப்படியென்றால் 'ஐந்தே கால் வண்டி'யையும் வாங்கியிருப்பாள். படித்திருப்பாள். திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் படித்திருப்பாள். தவமணி மைக்கை மேசையில் வைத்தாள், அது ஒரு தடவை கிறீச்சிட்டு அடங்கியது. "ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க சார். உங்களுக்குப் பதில் சொல்றேன். அதுக்கு முன்னால வேற ஒருத்தருக்குச் சொல்ல வேண்டியிருக்கு" என்றாள். நாற்காலிகளுக்கு இடையில் நடந்து போய்ப் பெனிட்டாவின் தோளைத் தொட்டாள்.

பள்ளிக்கூட நோட்ஸும் வழிகாட்டிகளும் அடுக்கியிருந்த பின்பக்கத்துக்கு இரண்டு பேரும் போனார்கள். அங்கே புத்தகம் எடுக்க ஏறி நிற்கிற ஒரு சின்ன ஸ்டூல் கிடந்தது. பெனிட்டா அதில் உட்கார்ந்தாள். தவமணிக்கு உட்கார இடமில்லை, நின்றுகொண்டே சொன்னாள். மேடையில் நாக்கில் நின்ற ஒழுங்கு இப்போது வரவில்லை. காய்ச்சலைச் சொன்னாள், பிறகு வேலைக் கடிதத்தைச் சொன்னாள், பிறகு மறுபடி காய்ச்சலுக்குப் போனாள், ரொட்டியைச் சொன்னாள், நாலு தடவை என்பதை இரண்டு முறை சொன்னாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னதும், பழியை அவன் மேல் போடுவது போலிருந்தது, நிறுத்திக்கொண்டு, "உங்க அப்பா பூட்டிட்டுப் போகலை. நான்தான் தொறக்கலை" என்றாள்.

கூடத்தில் ஆவுடைச்செல்வி கூட்டத்தைச் சமாளிக்க ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"என்ன சொல்லித் தட்டினாங்க? என் பேரைச் சொல்லியா?"

"இல்ல. என் பேரைச் சொல்லி. தவம், நான்தான், தொறன்னா. அப்புறம், தவம், பிள்ளை முகத்தையாவது காட்டுன்னா."

"நான் அழுதேனா?"

"இல்ல. நீ ரொட்டி தின்னுக்கிட்டு இருந்த."

பெனிட்டா அலமாரியில் இருந்த பத்தாம் வகுப்பு வழிகாட்டி ஒன்றை உருவினாள், திரும்பச் செருகினாள். "இருக்காங்களா?"

"இருக்கா. நாகர்கோவில்ல, பள்ளிக்கூடத்துல லைப்ரரி பாத்துக்கிட்டு இருந்தா. இந்த வருஷம் ரிட்டயர்டு ஆகியிருக்கணும். வீடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருன்னு சொன்னாங்க."

"எப்பேருந்து தெரியும்?"

இதற்குத்தான் தவமணி பயந்திருந்தாள். தாழ்ப்பாளைவிட இதற்குத்தான். அன்றைக்கு ஒரு மணி நேரம், வயது இருபத்தேழு. இது நரைத்த பிறகு, எல்லாம் தெரிந்த பிறகு, யாரும் தடுக்காதபோது.

"ஒம்பது வருஷமா" என்றாள்.

"எனக்குக் கல்யாணம் ஆனப்பத் தெரியும்."

"தெரியும்."

"அப்பா செத்தப்பத் தெரியும்."

"தெரியும்மா."

பெனிட்டா தலையை ஆட்டினாள். கோபப்படுவாள், அழுவாள், வயிற்றுப் பிள்ளையோடு என்ன ஆகுமோ என்றெல்லாம் தவமணி நினைத்தாள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது ஒரு நாள் உங்கள அம்மான்னு கூப்பிட்டேன். எல்லாப் பிள்ளையும் கூப்பிடுதேன்னு. நீங்க அடுப்படியிலேருந்து ஓடிவந்து என் வாயைப் பொத்தினிய. அத்தைன்னு சொல்லு, அத்தைன்னு சொல்லுன்னு அழுதிய. எனக்கு ஒண்ணும் புரியலை. நான் ஏதோ தப்பு செஞ்சிட்டேன்னு நெனச்சேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நெனச்சேன்."

தவமணிக்கு அது நினைவில்லை. வளர்த்த முப்பது வருஷத்தில் ஒவ்வொரு காய்ச்சலும் ஒவ்வொரு பரீட்சையும் நினைவிருக்கிறது, இது இல்லை. எழுதுகிறவள், எதையும் மறக்காதவள் என்று பெயர். எந்த அடுப்படி, எந்த நாள், கையில் மாவு இருந்ததா, பிள்ளை வாயில் பட்டதா. தேடத் தேட ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதைக் கதையாக்கிவிடுவோமோ என்று பயந்து தேடுவதை நிறுத்தினாள். "நீ ஒரு தப்பும் செய்யலைம்மா" என்று மட்டும் சொன்னாள்.

பெனிட்டா ஸ்டூலிலிருந்து எழ முயன்றாள். தவமணி கை கொடுத்தாள். பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், எழுந்ததும் விட்டுவிட்டாள். "நான் நாகர்கோவில் போயிட்டு வாரேன்."

"இந்த வயித்தோடயா? நானும் வாரேன். கார் புடிப்போம்."

"கார் நான் புடிச்சுக்கிடுதேன். நீங்க வர வேண்டாம். அவங்களுக்கு உங்களப் பாக்கணுமா வேண்டாமான்னு நான் எப்படி முடிவு பண்ண?" பள்ளிக்கூடத்தின் பேரைக் கேட்டுச் செல்போனில் குறித்துக்கொண்டு, துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மாத்திரை பையில இருக்கு, பயப்படாதிய. போய் அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்லுங்க, நின்னுக்கிட்டே இருக்காரு."

"ராத்திரிக்குள்ள வந்துருவியா?"

"தெரியலை அத்தை" என்றாள் பெனிட்டா. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள். சங்கரலிங்கம் கீழே யாரிடமோ, "அந்தம்மாவுக்கு ஒரு வண்டி கூப்பிடப்பா" என்று சொல்வது கேட்டது.

தவமணி கூடத்துக்குத் திரும்பி வந்தாள். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். உடம்பு சரியில்லையோ என்று ஆவுடைச்செல்வி தண்ணீரை நீட்டினாள், வாங்கிக் குடித்தாள், சேலையில் சிந்தியது, துடைக்கவில்லை. ஒரு காரின் கதவு சாத்துகிற சத்தம் தெருவிலிருந்து வந்தது. வண்ணார்பேட்டை தாண்டுவாள், நாங்குநேரி தாண்டுவாள், காற்றாலைகள் வரும், மலை வரும், ஒன்றரை மணி நேரம். பின் தெருவில் நாலு வீடு கேட்டு விசாரிப்பாள். யார் என்று கேட்டால் என்ன சொல்வாள். லில்லி கண்ணாடியை நெற்றியில் ஏற்றுவாளா, இறக்குவாளா. அந்தக் காட்சியை அவள் மனசு எழுத ஆரம்பித்தது, கை விரல் மேசையில் பேனாவைப்போல் அசைந்தது, அவள் அந்தக் கையை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்தாள். இது அவள் எழுத வேண்டியதில்லை. அவள் இல்லாமல் நடக்கட்டும். மைக்கை எடுத்தாள்.

"சார், நீங்க கேட்டது சரி. அந்தப் பக்கம் பொய். பொண்ணுங்க அப்படிப் போக மாட்டாங்கன்னு நான் சொல்ல வரலை, போறவங்க இருக்கலாம், அவங்களைப் பத்தி வேற யாராவது எழுதட்டும். நான் பாத்த ஒருத்தி அப்படிப் போகலை. அவ திரும்பிப் பாத்தா, திரும்பியும் வந்தா. நான் அதை மாத்தி எழுதிட்டேன். கதைக்காக மாத்தலை. எனக்காக மாத்தினேன்."

கல்லூரிப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கண்ணைத் துடைத்தவள் தன் கையிலிருந்த நாவலைக் குனிந்து பார்த்தாள், ஏமாந்துபோன முகம். அந்த ஏமாற்றம் நியாயமானது என்று தவமணிக்குத் தோன்றியது. யாரும் எழுந்து நிற்கவில்லை. முத்தையா அட்டை போட்ட புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, மரியாதையாகவே கேட்டார்.

"சரிம்மா. அப்ப, திரும்பி வந்த பிறகு அவ என்ன செஞ்சா? எப்படி இருந்தா?"

தவமணி பதில் சொல்ல வாயெடுத்தாள். ஒரு நாவல் முழுக்க எவளைப் பற்றி எழுதினாளோ, அவளைப் பற்றிச் சொல்ல ஒரு வரிகூட இல்லை.

"நான் இன்னும் அவகிட்ட அதைக் கேக்கலை சார்" என்றாள்.